படம் வரைய ஊர் சுற்றினால் போதுமா? வழக்கமாக நேரும் தவறுகள்

புது ஊருக்குப் போனால் கை தானாக ஓடும் என்று நம்பிக் கிளம்புபவர்களில் பலர், போன் நிறையப் படங்களோடும் வெறும் நோட்டோடும் திரும்புகிறார்கள். போட்டோ எடுப்பதில் குற்றமில்லை, அதை மட்டுமே நம்புவதில்தான் சிக்கல். போன் கேமராவின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. நேரில் ஓங்கி நின்ற மலை படத்தில் சின்ன மேடாகிவிடும். வெயிலுக்கு ஏற்பக் கேமரா ஒளியைக் குறைக்கும்போது, நிழலுக்குள் தெரிந்த நீலமும் ஊதாவும் கருத்துப்போகும். அதைப் பார்த்து வரைந்தால் நிழல் தார் பூசியதுபோல் வரும்.

இதற்கு மருந்து ஒரு சிறு பென்சில் குறிப்பு. இரண்டுக்கு மூன்று அங்குலக் கட்டம் போட்டு, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என மூன்றே அளவில் 5 நிமிடத்துக்குள் நிரப்புங்கள். வெயில் வரும் திசைக்கு ஓர் அம்புக்குறி, பக்கத்தில் மணி. நிறத்தை எழுத்தில் குறிக்கவேண்டும். ‘பச்சைச் சுவர்’ என்று எழுதினால் வீட்டுக்கு வந்தபின் ஒன்றும் விளங்காது. ‘மங்கிய பச்சை, நிழலில் நீலம், தரையோரம் காவி’ என்று இருந்தால் வண்ணம் கலக்கலாம். 1832இல் மொராக்கோ போன பிரெஞ்சு ஓவியர் டெலக்ரோவா கோட்டுப்படங்களோடு நிறக்குறிப்புகளையும் எழுதிவைத்தார். 1863இல் இறக்கும்வரை அந்த ஒரே பயணம் அவருக்குக் கைகொடுத்தது.

வெளியில் உட்கார்ந்து வரைபவர்கள் நிழலைத் துரத்துவதும் உண்டு. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நிழல் நகர நகரத் திருத்திக்கொண்டே போனால், படத்தின் ஒரு பக்கம் காலையாகவும் மறுபக்கம் உச்சிவேளையாகவும் இருக்கும். முதல் 10 நிமிடத்திலேயே நிழலின் விளிம்புகளைக் குறித்துவிட்டு, பிறகு அவற்றில் கைவைக்காதீர்கள். முடியாவிட்டால் மறுநாள் அதே நேரத்துக்கு வாருங்கள். 1892லும் 1893லும் பிரான்ஸின் ரூவான் நகரத் தேவாலயத்தை வரைந்த ஓவியர் மோனே, ஒளி மாறியபோதெல்லாம் வேறு கேன்வாஸை எடுத்தார். முப்பதுக்கு மேல் சேர்ந்தன.

சுமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: 6 வண்ணம், ஒரு பிரஷ், ஏ5 நோட்டு. தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தாளின் கனம் 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறைந்தால் வாட்டர்கலர் பட்டதும் சுருங்கும், 300 நல்லது.

‘வீட்டில் வரைய என்ன இருக்கிறது?’ என்ற அலுப்பு வேறு வகை. பழகிய பொருளைப் பார்த்ததும் மனம் அதற்குப் பெயர் வைத்துவிடுகிறது, கண் வேலை செய்வதில்லை. நாற்காலி என்றதும் நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் முடிவதாக வரைந்துவிடுவோம். நின்றபடி பார்த்தால் பின்கால்களின் பாதங்கள் தாளில் மேலே வரவேண்டும். கால்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு இடையே தெரியும் வெற்றிடங்களின் வடிவத்தை முதலில் வரையுங்கள், கால்கள் தாமே சரியான இடத்தில் விழும்.

தினம் ஒரு புதுப் பொருளைத் தேடுவதும் வீண்வேலைதான். இத்தாலியின் போலோன்யாவில் வாழ்ந்த ஓவியர் மொராண்டி, ஒரே பாட்டில்களையும் ஜாடிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக இடம்மாற்றி வைத்துப் பல்லாண்டு வரைந்தார். ஒரு வாரம் ஒரே மூலையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: நேரம், தூரம், அல்லது பார்க்கும் உயரம். ஜன்னல் வெளிச்சத்தில் வரையும்போது விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஒரு பொருளுக்கு இரண்டு நிழல், ஒன்று நீலம் கலந்தது, ஒன்று மஞ்சள் கலந்தது. தொடக்கநிலையில் அதைச் சமாளிப்பது கடினம்.