மின்வெட்டு ஊரில் ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் ஓட்டுவது எப்படி

சின்னக் கணினிகளில் ஓடிய முதல் யூனிக்ஸ் இயங்குதளங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ரங்கூனில் என் ரிப்பேர் கடைக்கு வரும் பையன்கள் கேட்பதுண்டு. ஜீனிக்ஸ் டிஸ்க்கைத் தேடி அலையாதீர்கள் தம்பிகளா, பெல் லேப்ஸ் 1979-இல் வெளியிட்ட ஏழாம் பதிப்பை ஓட்டுங்கள். மைக்ரோசாஃப்ட் 1980-இல் அறிவித்த ஜீனிக்ஸ் அதன் பிள்ளைதான். சிகாகோவின் மார்க் வில்லியம்ஸ் கம்பெனி கோஹெரன்ட் என்ற யூனிக்ஸ் மாதிரி இயங்குதளத்தைத் தானே எழுதியது, ஆனால் நடையெல்லாம் ஏழாம் பதிப்பின் நடை. காப்பி அடித்தார்களோ என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியே நேரில் போய்ப் பார்த்து, காப்பி அடித்ததாக எதுவும் கண்ணில் படவில்லை என்றார்.

ஏழாம் பதிப்பு பிடிபி-11 என்ற பழைய கணினிக்கானது. அந்த இயந்திரமாக நடிக்கும் சிம்எச் மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய யூனிக்ஸின் உரிமையை வைத்திருந்த கால்டெரா கம்பெனி 2002-இல் உரிமத்தைத் திறந்துவிட்டதால் டிஸ்க் கோப்பை இறக்குவதில் சிக்கல் இல்லை. இறக்கியதும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். துவக்கக் கட்டளைகள் கோப்போடு வரும் குறிப்பில் இருக்கும், அப்படியே அடியுங்கள். # குறி வந்தால் தனியாள் நிலையில் (single-user) இருக்கிறீர்கள். கன்ட்ரோல்-டி அடித்தால் லாகின் கேட்கும். கேப்ஸ் லாக் போட்டுப் பெயரை அடித்தால் உங்கள் டெர்மினலுக்குச் சின்ன எழுத்தே கிடையாது என்று நினைத்துக்கொள்ளும்.

அப்புறம் விரல்கள் தடுமாறும். எழுத்தை அழிக்கும் விசை #, முழு வரியையும் அழிப்பது @. காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப்பில் அச்சானதை அழிக்க முடியாதே, அதனால் இந்த ஏற்பாடு. ஓடும் கட்டளையை நிறுத்த கன்ட்ரோல்-சி உதவாது, டெலீட் விசைதான். கோப்புகளை எழுதித் திருத்தும் ‘இடி’ (ed) நிரல் ஒரு ஊமை. என்ன தப்பு செய்தாலும் ஒரு கேள்விக்குறி மட்டும் போடும், கோபப்படாதீர்கள்.

சரி, இனி கரன்ட் விஷயம். எழுதியது உடனே டிஸ்க்குக்குப் போகாது. நினைவகத்தில் தங்கி, 30 விநாடிக்கு ஒருமுறைதான் இறங்கும். அந்த இடைவெளியில் லைட் போனால் கோப்பு முறைமை கலைந்துவிடும். இன்வெர்ட்டரை நம்பாமல், வேலை முடிந்ததும், நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்குக்கு இறக்கும் ‘சிங்க்’ (sync) கட்டளையை அடித்து, கன்ட்ரோல்-இ அழுத்திச் சிம்எச்சை நிறுத்துங்கள்.

அப்படியும் கரன்ட் போய்விட்டால், திரும்பத் துவக்கும்போது கன்ட்ரோல்-டி அடிக்காதீர்கள். தனியாள் நிலையிலேயே, கோப்பு முறைமையைச் சோதிக்கும் ‘ஐசெக்’ (icheck), ‘டிசெக்’ (dcheck) இரண்டையும் ஓட்டுங்கள். காலி இடப் பட்டியல் கெட்டிருந்தால் ஐசெக்கோடு ‘-எஸ்’ (-s) சேர்த்தால் புதிதாகக் கட்டும். யூனிக்ஸே குடியிருக்கும் ரூட் டிஸ்க்கில் அதைச் செய்த கையோடு சிங்க் அடிக்காமல் சிம்எச்சை நிறுத்தி, மறுபடி துவக்குங்கள். பழக்கதோஷத்தில் சிங்க் அடித்தால், நினைவகத்தில் கிடக்கும் பழைய கெட்ட பட்டியல் புதிய பட்டியலின் மேல் ஏறிவிடும்.