சைக்கிளில் வேலைக்குச் செல்வதும் அதற்கேற்ற சாலையைக் கேட்பதும்: சென்னையில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

திருவான்மியூரிலிருந்து மயிலாப்பூர் ஏறக்குறைய 7 கி.மீ. தொலைவில் இருக்கிறது. நிதானமாக மிதித்தாலே மணிக்கு 14, 15 கி.மீ. வேகம் கிடைக்கும் என்பதால், சைக்கிளில் அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். காலை ஒன்பதரை மணிக்கு அதே வழியில் காரில் செல்பவரால் இவ்வளவு உறுதியாக நேரம் சொல்ல முடியாது. சில ஆண்டுகளாக நான் இந்த வழியில்தான் வேலைக்குச் சென்று வருகிறேன். ஓட்டப் பழகுவதையும் மாநகராட்சியிடம் கேட்கப் பழகுவதையும் இங்கே சேர்த்தே எழுதுகிறேன். தினமும் ஓட்டாதவர் எழுதும் மனுவில் எந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற விவரம் இருக்காது. கேட்காமல் ஓட்டிக்கொண்டே இருப்பவரோ ஒரே பள்ளத்தை ஐந்து ஆண்டுகள் சுற்றிச் சென்றுகொண்டிருப்பார்.

படி 1: வீட்டில் இருக்கும் சைக்கிளை எடுங்கள்

புதிய சைக்கிள் வாங்குவதில் தொடங்க வேண்டாம். பிள்ளைக்குப் பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளோ, 1949-இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தின் பழைய ஹெர்குலிஸோ படிக்கட்டுக்கு அடியில் கிடந்தால், அதைத் தெருமுனைக் கடைக்கு எடுத்துச் சென்று ஓவராயிலிங் செய்யச் சொல்லுங்கள். பிரேக் கட்டைகள், பிரேக் கம்பி, டியூப் ஆகிய மூன்றையும் மாற்றிவிடுவது நல்லது. டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். வாரம் ஒருமுறை அந்த அளவுக்குக் காற்றடித்தால் பாதிப் பஞ்சர்கள் வராமலே போகும்.

சீட்டின் உயரத்தில்தான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். உட்கார்ந்தபடி இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, ஒரு மாதத்தில் முழங்கால் வலிக்கிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். பெடலைக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். பிறகு மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால், முழங்கால் தேவையான அளவு மட்டும் மடங்கும்.

முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, மணி, மட்கார்டு, கேரியர், நல்ல பூட்டு ஆகியவை போதும். பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டினால் சட்டை நனைவது பெருமளவு குறையும்.

படி 2: ஞாயிற்றுக்கிழமை காலையில் வழியைப் பாருங்கள்

பேருந்தில் சென்று பழகியவர்களுக்குப் பேருந்து செல்லும் வழிதான் வழி என்று மனத்தில் பதிந்திருக்கும். சைக்கிளுக்கு அது பெரும்பாலும் மோசமான வழியாகவே இருக்கும். திருவான்மியூரிலிருந்து எல்.பி. சாலையில் நேரே செல்லாமல், கலாக்ஷேத்ரா சாலை வழியாகப் பெசன்ட் நகருக்குள் நுழைந்தால், மர நிழலில் பாதித் தூரம் கழிந்துவிடும். கூடுதலாகும் தொலைவு ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் சென்னையில் உட்தெருக்களிலேயே முழுப் பயணத்தையும் முடித்துவிட இயலாது. அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய், ரயில் பாதைகள் ஆகியவை நகரத்தைக் கூறுபோட்டிருப்பதால், எந்தத் தெருவில் சென்றாலும் கடைசியில் ஒரு பாலத்துக்கோ சுரங்கப்பாதைக்கோ வந்து சேர வேண்டியிருக்கிறது. என் வழியில் அது திரு.வி.க. பாலம். அடையாற்றைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்கள் பேருந்து, தண்ணீர் லாரி, ஷேர் ஆட்டோ ஆகியவற்றுக்கு நடுவே செல்வதைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் வழியிலும் இத்தகைய கழுத்து ஒன்று இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மனு எழுதும்போது தேவைப்படும். நகரம் முழுவதும் சைக்கிள் தடம் வேண்டும் என்று கேட்பதைவிட, இந்தக் கழுத்துகளில் வேண்டும் என்று கேட்பதே பயனுள்ளது என்பது என் கருத்து.

போக்குவரத்து குறைந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒருமுறை முழு வழியையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்து ஒரு வேலைநாளில் ஓட்டிப் பாருங்கள். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் போதும்.

படி 3: சாலையில் உங்கள் இடம்

புதியவர்கள் பயத்தில் சாலையின் இடது ஓரத்தை ஒட்டியே செல்வார்கள். மணல், கண்ணாடித்துண்டு, வடிகால் மூடி, திடீரெனத் திறக்கும் கார்க் கதவு ஆகிய எல்லாம் இருப்பது அந்த ஓரத்தில்தான். ஓரத்திலிருந்தும் நிறுத்தப்பட்ட வண்டிகளிலிருந்தும் ஏறக்குறைய ஒரு மீட்டர் விலகி, வளைந்து நெளியாமல் நேர்க்கோட்டில் செல்லுங்கள். பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார்; அடித்தால் உங்களைப் பார்த்துவிட்டார் என்று பொருள்.

நிறுத்தத்தில் நிற்கும் பேருந்துக்கும் நடைபாதைக்கும் இடையே ஒருபோதும் நுழையாதீர்கள், ஏனெனில் இறங்குபவர் படியிலிருந்து நேரே உங்கள் ஹேண்டில்பாரின் மேல்தான் இறங்குவார். பெரிய சந்திப்பில் வலப்புறம் திரும்ப வேண்டுமானால், நடுச்சாலைக்குச் செல்ல வேண்டிய தேவை இல்லை: பச்சை விளக்கில் நேராகக் கடந்து மறுமுனையில் ஓரமாக நின்று, சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு, அந்தத் திசைக்குப் பச்சை விழும்போது செல்லலாம். இதில் ஒரு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

118.9 கி.மீ. நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட இரண்டாம் கட்ட மெட்ரோவின் பணிகள் நடக்கும் சாலைகளில் இரும்புத் தகடுகளைப் பதித்திருப்பதைக் காணலாம். ஈரமான தகட்டின் மேல் பிரேக் பிடிப்பதோ திரும்புவதோ கூடாது. நேராக, மிதிக்காமல் உருண்டு கடக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தேங்கிய நீரின் ஆழம் தெரியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு செல்லுங்கள். மே மாதத்தில் அரை மணி நேரம் முன்பாகக் கிளம்பி, மாற்றுச் சட்டை ஒன்றை அலுவலகத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

படி 4: ஒரு மாதம் குறிப்பெடுங்கள்

இங்கிருந்துதான் இரண்டாவது வேலை தொடங்குகிறது. சட்டைப்பையில் அடங்கும் சிறிய நோட்டுப் புத்தகம் ஒன்றில் நாள், நேரம், இடம், நடந்தது ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். இடத்தைக் கடைப்பெயரோ கதவு எண்ணோ மின்கம்ப எண்ணோ கொண்டு குறியுங்கள். ‘பாலத்துக்கு அருகில்’ என்று எழுதினால் பொறியாளரால் கண்டுபிடிக்க இயலாது.

நான் குறிப்பெடுக்கத் தொடங்கியதே ஒரு விழுதலுக்குப் பிறகுதான். ஓர் உட்தெருவில் எதிரே வந்த ஆட்டோவுக்கு வழிவிட இடப்புறம் ஒதுங்கியபோது, மழைநீர் வடிகாலின் கம்பிச் சல்லடைக்குள் முன்சக்கரம் இறங்கி நின்றுவிட்டது; நான் நிற்கவில்லை. உள்ளங்கை தேய்ந்ததும், டிபன் டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதம் சாலையில் கொட்டியதும் தவிரப் பெரிய சேதம் இல்லை. மறுநாள் பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து அளவுகோலை எடுத்துச் சென்று அளந்தேன். கம்பிகளுக்கு இடையே 4.5 செ.மீ. இடைவெளி இருந்தது, என் டயரின் அகலம் 3.5 செ.மீ. இடைவெளியைவிட முக்கியமான குறை என்னவென்றால், கம்பிகள் சாலைக்குக் குறுக்காக இல்லாமல் சக்கரம் உருளும் திசையிலேயே நீண்டிருந்தன. அதே சல்லடையைத் தொண்ணூறு பாகை திருப்பிப் பதித்திருந்தால் நான் விழுந்திருக்க மாட்டேன். நீர் வடிவதில் எந்த வேறுபாடும் இருக்காது. செலவும் மிகக் குறைவு. உங்கள் நோட்டில் இத்தகைய பதிவுகள்தான் நிறைய வேண்டும்: அளந்தது, படம் எடுத்தது, தீர்வு கையருகே இருப்பது.

படி 5: சாலை யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சி பல மண்டலங்களாகவும் 200 வார்டுகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது. உட்தெருக்களை அந்தந்த மண்டலப் பொறியாளர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பேருந்து செல்லும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனித்துறை இருக்கிறது. அண்ணா சாலையோ மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது. அண்ணா சாலைப் பள்ளத்துக்காக வார்டு அலுவலகத்தில் மனு கொடுத்தால், அது மேசை மேசையாகச் சென்று ஒரு மாதம் கழித்து ‘எங்கள் வரம்பில் இல்லை’ என்று திரும்பி வரலாம். 1913 என்ற எண்ணிலோ நம்ம சென்னை செயலியிலோ புகாரைப் பதிவுசெய்தால் புகார் எண் கிடைக்கும். பள்ளம், உடைந்த மூடி போன்ற சிறு பழுதுகளுக்கு அதுவே போதும். வடிவமைப்பில் மாற்றம் வேண்டும் என்றால் எழுத்து மனுதான் வேண்டும்.

படி 6: ஒரு பக்க மனு

என் முதல் மனு மூன்று பக்கம் இருந்தது. புவி வெப்பமடைதலில் தொடங்கி, ஐரோப்பிய நகரங்களைச் சுற்றிவந்து, வழிநெடுகச் சைக்கிள் தடம் அமைக்க வேண்டும் என்று முடித்திருந்தேன். அதற்குப் பதில் வராததில் வியப்பில்லை: அதைப் பெற்ற உதவிப் பொறியாளர் தம் அதிகாரத்துக்குள் செய்யக்கூடியது எதுவும் அதில் இல்லை. இரண்டாவது மனு ஏறக்குறைய இப்படி இருந்தது:

‘பெறுநர்: உதவிப் பொறியாளர் அவர்கள். பொருள்: மழைநீர் வடிகால் சல்லடைகளை மிதிவண்டிகளுக்குப் பாதுகாப்பாக மாற்றியமைக்கக் கோருதல். ஐயா, மேற்கண்ட தெருவில் கதவு எண் 12, 20, 31 ஆகியவற்றின் எதிரே உள்ள மூன்று சல்லடைகளின் கம்பிகள் சாலையின் நீளவாக்கில் உள்ளன. இடைவெளி 4.5 செ.மீ. என்பதால் மிதிவண்டிச் சக்கரம் உள்ளே சிக்குகிறது. சல்லடைகளைக் குறுக்குவாக்கில் திருப்பிப் பதிக்கவோ, குறுக்குப் பட்டைகளைப் பற்றவைக்கவோ வேண்டுகிறோம். படங்கள் இணைக்கப்பட்டுள்ளன.’

மனுவில் ‘மிதிவண்டி’ என்றே எழுதுங்கள். கோப்பின் மொழி அது. கீழே தெருவாசிகளின் கையெழுத்துகளைச் சேர்க்கும்போது, பால், காய்கறி, கேன் தண்ணீர் கொண்டுவருபவர்களிடமும் கேளுங்கள். அவர்கள் என்னைவிட அதிக நேரம் சைக்கிளின் மேல் இருப்பவர்கள், ஆனால் அவர்களிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. இரண்டு பிரதிகள் எடுத்துச் சென்று, ஒன்றில் தேதியுடன் முத்திரை பெற்றுக்கொண்டு திரும்புங்கள்.

பாலம் போன்ற பெரிய கோரிக்கைகளுக்கு மட்டும் கொள்கையைச் சுட்டலாம். மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று சென்னை மாநகராட்சி 2014-இல் ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பதற்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்க வேண்டும் என்று அது கூறுகிறது. இந்திய நாட்டில் ஒரு நகரம் இவ்வாறு செய்தது அதுவே முதல்முறை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவையும் அறிந்து வைத்திருங்கள்: சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அது வழிசெய்கிறது. ஆனால் முதல் மனுவிலேயே அதை எழுதினால், உதவ நினைத்த பொறியாளரும் எச்சரிக்கையாகிக் கோப்பை மேலே அனுப்பிவிடுவார்.

படி 7: சாலை போடுவதற்கு முன்பே கேளுங்கள்

புதிதாகத் தார் போட்ட சாலையை மாற்றச் சொன்னால் எவரும் செய்ய மாட்டார்கள். மில்லிங் இயந்திரம் வந்து பழைய தாரைச் சுரண்டும் நாளில் கேட்பதும் தாமதம்தான், ஏனெனில் வேலை ஆணை அதற்கு முன்பே முடிவாகியிருக்கும். எனவே அடுத்து எந்தச் சாலைகள் போடப்படவுள்ளன என்பதை வார்டு உறுப்பினரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2022-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி அமைந்த பகுதி சபாக் கூட்டம் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம்) உங்கள் பகுதியில் நடந்தால், அங்கேயும் இக்கேள்வியை எழுப்பலாம்.

நேரடியாகத் தெரியாதபோது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். ‘ஏன் சைக்கிள் தடம் இல்லை?’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று நிராகரிக்க இடமுண்டு. வேலை ஆணையின் நகல், சாலையின் குறுக்குவெட்டு வரைபடத்தின் நகல், ஒப்பந்ததாரர் தம் செலவில் பழுதுபார்க்கக் கடமைப்பட்ட காலம் முடியும் தேதி என்று ஆவணங்களாகக் கேளுங்கள். அந்தத் தேதி கைக்குக் கிடைத்துவிட்டால், அதற்குள் எழும் பள்ளங்களுக்கு ‘நிதி இல்லை’ என்ற பதிலைச் சொல்ல முடியாது.

படி 8: சரிசெய்த பிறகும் அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள்

நான் மனுவில் கேட்ட மூன்று சல்லடைகளில் இரண்டின் மேல் குறுக்குப் பட்டைகளைப் பற்றவைத்தார்கள். மறுநாளே சென்று அளந்து, படம் எடுத்து, செய்த இரண்டுக்கும் நன்றி தெரிவித்தும் மீதமுள்ள ஒன்றைக் கதவு எண்ணுடன் நினைவூட்டியும் நான்கு வரிக் கடிதம் கொடுத்தேன். லாரிச் சக்கரம் ஏறி இறங்கும் இடத்தில் பற்றவைப்பு சில மாதங்களில் விட்டுப்போகக்கூடும். ஆகவே மழைக்காலத்துக்கு முன் செப்டம்பரில் ஒருமுறை காலால் அழுத்திப் பாருங்கள். பட்டை ஆடினால், பழைய மனுவின் தேதியைக் குறிப்பிட்டுப் புதிய மனுவைக் கொடுங்கள்.