தூர்தர்ஷனின் பழைய நிகழ்ச்சிகளை யூடியூபில் தேடிப் பார்ப்பது எப்படி?

தூர்தர்ஷனில் வந்த பழைய தொடர்களும் கச்சேரிகளும் நேர்காணல்களும் கணிசமான அளவில் இன்று யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பொதுத் தேடுபெட்டியில் நிகழ்ச்சியின் பெயரைத் தட்டினால், யாரோ வீட்டில் பதிவு செய்து வைத்திருந்த மங்கலான துண்டுகளே பெரும்பாலும் முன்னால் வந்து நிற்கும். ஆகவே, நிகழ்ச்சியைத் தேடுவதற்கு முன் சேனலைத் தேடுங்கள்.

தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் பிரசார் பாரதி, தன் காப்பகத்துக்கென்றே ‘பிரசார் பாரதி ஆர்க்கைவ்ஸ்’ என்ற சேனலை வைத்திருக்கிறது. தமிழ் நிகழ்ச்சிகளுக்கு ‘டிடி தமிழ்’ சேனலைப் பார்க்க வேண்டும். 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தின் அலைவரிசை பொதிகையாக இருந்து, 2024 ஜனவரியில்தான் டிடி தமிழ் ஆனது என்பதால், இரண்டு பெயர்களிலும் தேடிப் பார்ப்பது நல்லது. சேனல் உண்மையானதுதானா என்ற ஐயம் வந்தால், விவரப் பகுதியில் அது தொடங்கிய தேதியையும் காணொளிகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். போன மாதம் தொடங்கி இருபதே காணொளிகள் ஏற்றியிருக்கும் ‘தூர்தர்ஷனை’ நம்ப வேண்டியதில்லை.

சேனல் பக்கத்திலேயே இருக்கும் பூதக்கண்ணாடிக் குறியை அழுத்தித் தேடினால், அந்தச் சேனலின் காணொளிகள் மட்டும் வரும். தலைப்புகள் பல ஆங்கில எழுத்தில் இருப்பதுதான் இதில் பெரிய தொல்லை. சுப்பிரமணியம் என்ற ஒரு பெயருக்கே நாலைந்து எழுத்துக்கூட்டல்கள் உண்டு. ஒன்றில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும். ‘பழையவை’ என்று வரிசைப்படுத்தினால் அந்தக் காலத்து நிகழ்ச்சிகள் முதலில் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். அது யூடியூபில் ஏற்றிய நாளின் வரிசையே தவிர, ஒளிபரப்பான நாளின் வரிசை அன்று.

தொடர்களை பிளேலிஸ்ட் வழியாகப் பார்ப்பதே சரி. ஷியாம் பெனகல் இயக்கி 1988-இல் ஒளிபரப்பான ‘பாரத் ஏக் கோஜ்’ 53 பகுதிகள் கொண்டது. உதிரியாகத் திறந்தால், மூன்றாவது பகுதி முடிந்ததும் யூடியூப் உங்களை வேறெங்கோ இழுத்துச் சென்றுவிடும்.

பழைய பதிவு சிலவற்றில் காதொலிப்பானின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒலி கேட்கும். காதொலிப்பான் பழுதென்று முடிவுகட்டிப் புதிதாக வாங்கக் கிளம்ப வேண்டாம். கைபேசி அமைப்புகளின் அணுகல்தன்மைப் பகுதியில் ‘மோனோ’ ஒலியைத் தேர்ந்தெடுத்தால் இரு காதிலும் கேட்கும். படம் 4:3 அளவில் இருப்பதால் இருபுறமும் கறுப்புப் பட்டை தெரியும். விரல்களால் விரித்துத் திரையை நிரப்பினால், பாடகரின் தலையோ கீழே ஓடும் பெயரோ வெட்டுப்படும்.

திரைப்பாடல் நிகழ்ச்சியான ‘ஒளியும் ஒலியும்’ முழுதாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். திரைப்பாடல்களின் உரிமை பெரும்பாலும் இசை நிறுவனங்களிடம் இருக்கிறது. யூடியூபில் அகப்படாதவற்றை, பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய ‘வேவ்ஸ்’ செயலியிலும் தேடலாம்; அங்கே சிலவற்றுக்கு மட்டும் கட்டணம் உண்டு.

இலவசமாகப் பார்க்கலாம் என்பதற்காகப் பதிவிறக்கி உங்கள் சேனலில் ஏற்றிவிட முடியாது. உரிமை பிரசார் பாரதியிடமோ தயாரிப்பாளரிடமோதான் இருக்கும். குறிப்பிட்ட ஓர் இடத்தை நண்பருக்கோ மாணவருக்கோ காட்ட வேண்டுமானால், கணினியில் ‘பகிர்’ பொத்தானை அழுத்தி, தொடக்க நேரத்துக்கான கட்டத்தில் குறியிட்டு, அந்த இணைப்பை அனுப்புங்கள்.