இட்டரேட்டர் மெதட்களுக்கு ஆவணம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரஸ்ட் நிரல்மொழியில் ஒரு வரிசையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தருவது இட்டரேட்டர். அதற்கான 'இட்டரேட்டர்' டிரெயிட்டில் (ஒரு வகைக்கு இருக்க வேண்டிய மெதட்களின் தொகுப்பு) நாம் கட்டாயம் எழுத வேண்டிய மெதட், அடுத்த உறுப்பைத் தரும் 'நெக்ஸ்ட்' ஒன்றுதான். 'மேப்', 'ஃபில்டர்', 'ஸிப்' முதலிய மற்றவை எல்லாம் அதன்மேல் கட்டப்பட்டவை. அதே பாணியில் தங்கள் நூலகங்களுக்கு மெதட் எழுதி, ஆவணமும் எழுத வரும் புதியவர்களின் வரைவுகளைப் படிக்கும்போது, நாங்கள் தொடக்கத்தில் எழுதிய அதே குறைகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. எழுத்துப்பிழை, காலாவதியான இணைப்பு போன்றவற்றை ரிவ்யூவில் யாரேனும் பிடித்துவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தந்ததைச் சொல்லி, தின்றதைச் சொல்லாமல் விடுவது

ஒரு மெதட் எதைத் திருப்பித் தருகிறது என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். அது ஓடி முடிந்தபின் மூல இட்டரேட்டரில் என்ன மிச்சமிருக்கும் என்பதைத்தான் பெரும்பாலோர் எழுதுவதில்லை. நிபந்தனை பொருந்தும்வரை உறுப்புகளை எடுக்கும் 'டேக் வைல்' மெதடைப் பாருங்கள். 1, 2, 3, 4 என்ற வரிசையை 'பை ரெஃப்' மூலம் (ஒப்படைத்துவிடாமல் இரவலாக) கொடுத்து, 3 வரும்வரை எடுக்கச் சொன்னால் 1, 2 கிடைக்கும். மூலத்தில் 3, 4 மிச்சமிருக்கும் என்றுதான் புதியவர் நினைப்பார். இருப்பதோ 4 மட்டும். நிபந்தனை பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கே 3-ஐ வெளியே எடுத்தாக வேண்டும். எடுத்ததைத் திரும்ப உள்ளே வைக்க வழியில்லை. ரஸ்டின் நிலையான நூலக ஆவணம் இதை எடுத்துக்காட்டோடு சொல்கிறது. பைத்தானின் 'இட்டர்டூல்ஸ்' ஆவணமும் 'டேக்வைல்' பகுதியில் எச்சரிக்கிறது.

நான் பணியாற்றிய ஓர் இடத்தில், அளவீட்டுக் கோப்புகளின் தலைப்பு வரிகளைப் பிரிக்க, 'டேக் வைல்' மேல் கட்டிய மெதட் ஒன்று இருந்தது. "தலைப்பு வரிகளைத் தருகிறது" என்பதே அதன் முழு ஆவணம். பழைய கோப்புகளில் தலைப்புக்கும் தரவுக்கும் நடுவே ஒரு வெற்று வரி இருந்ததால், காணாமற்போனது அந்த வெற்று வரிதான், யாருக்கும் நட்டமில்லை. புதிய கருவிகள் வெற்று வரி விடாமல் எழுதத் தொடங்கியதும், ஒவ்வொரு கோப்பிலும் முதல் அளவீடு சத்தமில்லாமல் மறைந்தது. பிழைச் செய்தி கிடையாது, பேனிக் (பிழையால் நிரல் பாதியில் நிற்பது) கிடையாது. சராசரிகள் மட்டும் சற்றே விலகின. காரணம் தெரிவதற்குள் அந்த எண்களை நம்பி எழுதிய அறிக்கைகள் வெளியே போய்விட்டிருந்தன. "நிபந்தனை தவறும் முதல் உறுப்பும் மூலத்திலிருந்து எடுக்கப்பட்டுவிடும்" என்று ஒரு வாக்கியம் இருந்திருந்தால், அந்த மெதடைப் பயன்படுத்தியவர் அதை விட்டு அடுத்த உறுப்பை எடுக்காமலே எட்டிப்பார்க்க விடும் 'பீக்கபிள்' பக்கம் போயிருப்பார், ரஸ்ட் 1.51 பதிப்பிலிருந்து அதில், பொருந்தினால் மட்டும் எடுக்கும் 'நெக்ஸ்ட் இஃப்' கூட இருக்கிறது. இன்றைக்கும் ஒரு வரைவில் அந்த வாக்கியம் இல்லையென்றால் எனக்குக் கோபம் வருகிறது.

இரண்டு இட்டரேட்டர்களை இணை இணையாகக் கோக்கும் 'ஸிப்' இன்னும் நுட்பமானது. அது முதலில் இடப்பக்க இட்டரேட்டரைக் கேட்கிறது, பிறகே வலப்பக்கத்தை. வலப்பக்கம் முன்பே தீர்ந்துவிட்டால், இடப்பக்கத்திலிருந்து எடுத்த ஓர் உறுப்பு இணையில்லாமல் வீணாகிறது. இடப்பக்கம் முன்பே தீர்ந்தால் வலப்பக்கத்தில் எதுவும் வீணாவதில்லை. இரண்டையும் இடம் மாற்றினால் மிச்சமும் மாறும் என்பது ஆவணத்தைப் படித்தே தெரிய வேண்டும். இத்தகைய மெதட்களுக்கு எழுதும் எடுத்துக்காட்டில், வந்த விடையைச் சரிபார்த்ததோடு நில்லாமல், அடுத்த வரியில் மூலத்தை 'நெக்ஸ்ட்' கேட்டு அதையும் சரிபாருங்கள்.

'என்த்'

இது, எண்ணால் குறித்த இடத்திலுள்ள உறுப்பைத் தரும் மெதட், எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். பூஜ்யத்தைக் கொடுத்து இருமுறை அழைத்தால் இரண்டு வெவ்வேறு உறுப்புகள் வரும். எழுதிவிடுங்கள்.

கேட்கும்வரை எதுவும் நடக்காது என்பதை மறப்பது

ஒவ்வோர் உறுப்பையும் மாற்றித் தரும் 'மேப்' உள்ளே, அச்சிடும் க்ளோஷரை (பெயரில்லாச் சிறு ஃபங்ஷனை) வைத்துவிட்டு, திரையில் ஒன்றும் வரவில்லையே என்று திகைக்காத புதியவர் குறைவு. கம்பைலர் எச்சரிக்கை தரும் என்பது உண்மைதான். ஆனால் விடையை ஒரு மாறியில் வைத்துவிட்டால் அந்த எச்சரிக்கை வேறாகிவிடும். "ஒவ்வோர் உறுப்பின்மீதும் க்ளோஷரை இயக்குகிறது" என்று எழுதுவதைவிட, "இயக்கும் புதிய இட்டரேட்டரைத் தருகிறது" என்று எழுதுவதே சரி.

காலி வரிசையும் சமமான உறுப்புகளும்

காலி இட்டரேட்டரில், எல்லா உறுப்பும் பொருந்துகிறதா என்று பார்க்கும் 'ஆல்' உண்மை என்கிறது, ஒன்றாவது பொருந்துகிறதா என்று பார்க்கும் 'எனி' பொய் என்கிறது, பெருக்கும் 'புராடக்ட்' 1 தருகிறது, பெரியதைத் தரும் 'மேக்ஸ்' எதையும் தருவதில்லை. சமமான பெரிய உறுப்புகள் பல இருந்தால் 'மேக்ஸ்' கடைசியைத் தரும். சமமான சிறிய உறுப்புகள் பல இருந்தால் 'மின்' முதலாவதைத் தரும். இதை ஊகிக்க முடியாது. ஆகவே எழுதத்தான் வேண்டும்.

பேனிக்

இத்தனை உறுப்புக்கு ஒன்று எனத் தாவிச் செல்லும் 'ஸ்டெப் பை' மெதடுக்குப் பூஜ்யம் கொடுத்தால் பேனிக் ஆகும். இதைப் பத்தியின் நடுவே புதைக்காமல் தனித் தலைப்பின்கீழ் வையுங்கள்.

எதையும் சோதிக்காத எடுத்துக்காட்டு

ஆவணத்தில் உள்ள நிரல்களை ரஸ்டின் சோதனைக் கட்டளையான 'கார்கோ டெஸ்ட்' ஓட்டிப் பார்க்கிறது. விடையை அச்சிட மட்டும் செய்யும் எடுத்துக்காட்டு, மெதட் தவறான விடை தந்தாலும் தேறிவிடும். இரு மதிப்புகள் சமமா என்று பார்க்கும் 'அசெர்ட் ஈக்யூ' போட்டால்தான் பிடிபடும். பேனிக் ஆவதைக் காட்ட விரும்பினால் அதற்கு 'ஷுட் பேனிக்' குறி இருக்கிறது. 'இக்னோர்' குறியிட்டு ஓட்டாமல் விட வேண்டியதில்லை.