கடன் சங்கப் பணியாளர்களுக்குக் கணக்கு அறிக்கையைப் படிக்கக் கற்றுத் தருவது எப்படி?

2021 செப்டம்பரில் தமிழ்நாட்டின் கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. கணக்குகளை அலசியபோது சுமார் 48 லட்சம் கடன்களில் 35 லட்சத்துக்கும் மேல் தகுதியில்லாதவை என்று தெரிந்தது. மொத்த எடை 40 கிராமைத் தாண்டியவர்கள், ஒரே குடும்பத்தில் பல கடன் வாங்கியவர்கள், அரசு ஊழியர்கள் என்று காரணங்கள் பல. இதில் பெரும்பகுதி சங்கங்களின் பேரேட்டிலேயே கிடந்த விவரம்தான். சேர்த்துப் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் இரவு பகலாகப் பட்டியல் எடுத்திருக்க வேண்டியதில்லை.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று பயிற்சி தருகிறார்கள். வரும் அறிக்கையைச் சந்தேகத்தோடு படிப்பதைச் சங்கத்துக்குள்தான் கற்றுத் தர வேண்டும். செயலாளர், எழுத்தர், நகை மதிப்பீட்டாளர் மூவரும் வாரம் ஒரு முறை 45 நிமிடம் உட்கார்ந்தால், எட்டு வாரம் போதும். விதை, உரம் வாங்கக் கூட்டம் வரும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் கணினியைத் திறக்காதீர்கள். போன மாதத்துக் கேட்பு (வசூலாக வேண்டிய தொகை), வசூல், நிலுவைப் பட்டியலை அச்சடித்து, பென்சிலோடு உட்காருங்கள். "நிலுவை எவ்வளவு?" என்று தனித்தனியே கேட்டால் மூவரும் மூன்று தொகை சொல்வார்கள். ஒருவர் இன்னும் திரும்பி வராமல் நின்றுவரும் மொத்தக் கடனைச் சொல்வார், ஒருவர் தவணை தவறியதை, இன்னொருவர் வட்டியையும் சேர்த்து. எது எதைக் குறிக்கும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு கணக்கைக் கையால் போடச் சொல்லுங்கள்.

ஒரு சங்கத்தில் நின்றுவரும் கடன் 1 கோடியே 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழைய தவணை தவறியது 5 லட்சம், இந்த ஆண்டு தவணைக்கு வந்தது 35 லட்சம். ஆக, கேட்பு 40 லட்சம். வசூல் 34 லட்சம் என்றால் வசூல் 85 சதவீதம், நிலுவை 6 லட்சம். அதே 6 லட்சத்தை மொத்தக் கடனோடு ஒப்பிட்டால் 5 சதவீதம்தான். இரண்டும் சரியான எண்களே. ஆனால் சங்க உறுப்பினர்களின் பேரவைக் கூட்டத்தில் ஐந்தை மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுவது அழகல்ல. அந்த 6 லட்சத்தை ஓராண்டுக்குள், 1 முதல் 3 ஆண்டு, அதற்கும் மேல் என்று பிரிக்கவும் பழக்குங்கள். நேரில் போய்க் கேட்க வேண்டியவர் யார், தாவா (வழக்கு) போட வேண்டியவர் யார் என்பது அப்போதுதான் பிரியும்.

வசூல் 100 சதவீதத்தைத் தாண்டினால் சந்தோஷப்படுவதற்கு முன் காரணம் பாருங்கள். தவணைக்கு முன்பே கட்டியவர்களின் பணம் வசூலில் சேர்ந்து, கேட்பில் சேராமல் போயிருக்கும். இன்னொன்று, சற்று சங்கடமானது. ஒரே உறுப்பினர், ஒரே தேதி, பழைய கடன் வரவு, புதுக்கடன் பற்று, தொகையும் ஏறக்குறைய ஒன்றே. ரொக்கம் கைமாறாமலே வசூல் ஏறிவிட்டது. நகைக்கடனைப் புதுப்பிப்பதும் இப்படித்தான் தெரியும். எல்லாம் தவறென்று சொல்லிவிட முடியாது. ஆனால் இவற்றைத் தனியே பிரித்துவிட்டு, மிச்சத்துக்கு வசூல் சதவீதம் போட்டுப் பார்க்கப் பணியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் வாரத்தில் எக்செல். இங்கேதான் அதிகம் சறுக்கும்.

மென்பொருளிலிருந்து இறக்கிய கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். முன்னால் உள்ள பூஜ்யங்களும் உதிரும். ‘டேட்டா’ பட்டை வழியாகக் கோப்பை உள்ளே கொண்டுவந்து, கணக்கு எண், ஆதார், உறுப்பினர் எண் மூன்றையும் ‘டெக்ஸ்ட்’ என்று குறியுங்கள். இரட்டைப் பதிவு தேட ‘கவுன்ட்இஃப்’ (ஓர் எண் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் சூத்திரம்) போடும்போதும் இதே 15 இலக்கத் தொல்லை உண்டு. வெவ்வேறு கணக்குகளை ஒன்றென்று சொல்லும். தேடும் எண்ணின் கடைசியில் நட்சத்திரக் குறி சேர்த்தால் சரியாகும். ஆதாருக்கு 12 இலக்கம்தான், அங்கே பிரச்சினை இல்லை.

அடுத்தது தேதி. கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 03/04/2024 என்பது ஏப்ரல் 3 அல்ல, மார்ச் 4. தவணைத் தேதி ஒரு மாதம் முன்னால் நகரும். கெடுவுக்குள் கட்டினால் வட்டியில்லை என்ற பயிர்க்கடனில், ஒழுங்காகக் கட்டிய விவசாயி தவறியவர் பட்டியலில் ஏறி வட்டி கட்ட நேரும். சோதிக்க எளிய வழி: தேதி நெடுவரிசையில் சில வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால், இடப்பக்கம் நிற்பவை தேதியே அல்ல, வெறும் எழுத்து. நாள் 12க்கு மேல் போகும் பதிவுகள்தான் பெரும்பாலும் அப்படி நிற்கும். அதைப் பார்த்தாலே மற்றவை புரண்டிருக்கின்றன என்று கண்டுகொள்ளலாம்.

நிலப்பரப்பையும் விடாதீர்கள். சிட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 0.81.0 என்றால் 81 ஏர் (நூறு ஏர் ஒரு ஹெக்டேர்), ஏறக்குறைய 2 ஏக்கர். அதை 0.81 ஏக்கர் என்று ஏற்றினால் கடன் அளவு பாதிக்கும் கீழே போய்விடும். நகை மதிப்பீட்டாளருக்கு இதே பாடத்தை மொத்த எடை, நிகர எடை வைத்துச் சொல்லுங்கள். கல், அரக்கு கழிக்காத எடை நிகர எடைக் கட்டத்தில் ஏறினால் சங்கத்துக்கு நஷ்டம்.

ஐந்தாம் வாரத்திலிருந்து ஒப்பிடுதல். ஜூன் மாத வசூலை மார்ச்சோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அறுவடையும் ஆண்டுக் கணக்கு முடிவும் எண்ணை ஆட்டும். போன ஆண்டு ஜூனோடு வையுங்கள். எக்செலில் பதிவுகளை வகைவாரியாகக் கூட்டித் தரும் ‘பிவட் டேபிள்’ ஒன்றைக் கற்றால் ஊர்வாரி, பயிர்வாரிப் பிரிவு வந்துவிடும். வரைபட அலங்காரமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்தத் தொகுப்பு எடுத்தாலும் அதன் கூட்டுத்தொகை பொதுப் பேரேட்டுடன் பைசா சுத்தமாக ஒத்துப்போகும் வரை மேசையை விட்டு எழக்கூடாது என்று விதி வையுங்கள்.

உறுப்பினரைப் பெயரால் தேட விடாதீர்கள். "முருகன் க", "க.முருகன்", "முருகன் s/o" என்று ஒரே ஆள் பல வடிவில் இருப்பார், ஒரே பெயரில் பல பேரும் இருப்பார்கள். உறுப்பினர் எண்தான் பிடி.

ஏழாம் வாரம் தேர்வு. உண்மையான அறிக்கையின் நகலில் பெயர், ஆதாரை அழித்துவிட்டு ஐந்து பிழைகளை நீங்களே நுழையுங்கள்: புரண்ட தேதி, இரட்டைப் பதிவு, ஏக்கர் குழப்பம், கூட்டல் தவறு, வசூலில் தவணை வராத தொகை. 20 நிமிடத்தில் நான்கையாவது பிடிக்க வேண்டும். பிடிக்காதவரைத் திட்டாமல், தவறவிட்ட பாடத்தை எட்டாம் வாரம் மறுபடி நடத்துங்கள். திட்டினால் அடுத்த முறை பிழையை மறைப்பார்.

கடைசியாக, தவணை தவறியவர் பட்டியலை ஆதார் எண்ணோடு வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கத்தை இந்த வகுப்பிலேயே நிறுத்துங்கள். கள வேலைக்கு உறுப்பினர் எண், பெயர், தொகை போதும். ஆதாரில் கடைசி நான்கு இலக்கத்துக்கு மேல் எந்த அச்சுப் பிரதியிலும் வேண்டாம்.