மாமிக்கு ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டு வாங்குவது எப்படி? (இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு)

நான் மதுரைக்காரி. வீட்டுக்காரர் யாழ்ப்பாணம். கல்யாணமாகி லண்டன் வந்த முதல் வருஷம், மாமியை ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) கூட்டிப்போனேன். "கன நாளா வருத்தம் பிள்ளை, அதைச் சொல்லும்" என்றார். எங்கள் ஊரில் வருத்தம் என்றால் மனசு சரியில்லை என்று அர்த்தம். நானும் அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு, மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவத்தை எடுத்துவிட்டார். நாலாவது கேள்வியில் மாமி என் பக்கம் திரும்பினார்: "நான் ஒண்டுக்கும் கவலைப்படேல்லப் பிள்ளை. எனக்கு நாரிதான் நோகுது."

யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். நாரி என்றால் இடுப்புக்கு மேலே, முதுகின் கீழ்ப்பகுதி. இது இரண்டும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்கப்புறம் நான் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டேன். முறையான ஆளை எப்படி வரவழைப்பது என்று தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். ஜிபியிடம் பதிவு செய்வது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதைத் தொடவில்லை.

படி 1: ரெக்கார்டில் ஏற்றுங்கள்

ரிசப்ஷனில் "டிரான்ஸ்லேட்டர்" என்று கேட்காதீர்கள். அது காகிதத்தை மொழிபெயர்ப்பவர். வாய்ப்பேச்சுக்கு "இன்டர்பிரட்டர்". நோயாளியின் மொழி தமிழ், இன்டர்பிரட்டர் தேவை என்று ரெக்கார்டில் பதியச் சொல்லுங்கள். பதிந்ததைத் திரையில் பார்த்து வாசித்துக் காட்டவும் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம்.

காசு கிடையாது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஜிபி மட்டத்தில் மொழிபெயர்ப்புக்கு நோயாளியிடம் பணம் கேட்கக்கூடாது என்கிறது. குடும்பத்தாரை நம்பி விடுவது நல்லதல்ல என்றும், 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வைத்துப் பிள்ளையைக் கூட்டிப்போகிற வீடுகள் எனக்கே நாலைந்து தெரியும். தயவுசெய்து வேண்டாம்.

படி 2: அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போது

ஒவ்வொரு முறையும் திரும்பச் சொல்லுங்கள். ரெக்கார்டில் இருக்கிறதே என்று சும்மா இருந்தால் ஆள் வரமாட்டார். கூடவே "டபுள் அப்பாயின்ட்மென்ட்" கேளுங்கள். எதையும் இரண்டு தடவை பேச வேண்டும், வழக்கமான பத்து நிமிஷம் அதற்குக் காணாது.

போனிலா, நேரிலா? என் கட்சி போன்தான். நம் சனம் நெருக்கமாக வாழ்கிற ஊர்களில் நேரில் வருகிறவர் கோயிலில் பார்த்த முகமாக இருந்துவிட வாய்ப்புண்டு. விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு அவருக்கு உண்டுதான். ஆனாலும் மாமி வாயைத் திறக்கமாட்டார். போனில் வருகிறவர் வெறும் குரல். ஆபரேஷன், காது மந்தம், மறதி நோய் இவற்றுக்கு மட்டும் நேரில் கேளுங்கள்.

படி 3: எந்தத் தமிழ்?

என்னைக் கவிழ்த்த படி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

இரண்டாவது தடவை ஜிபி போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். பேச்சைக் கேட்டால் தமிழ்நாட்டுக்காரர். "அம்மா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?" என்று கேட்டார். மாமி பதவிசாக, "வீட்டில இருக்குத் தம்பி, ஆனா நான் தேத்தண்ணிக்குப் பனங்கட்டிதான் கடிக்கிறனான்" என்றார். யாழ்ப்பாணத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். நாம் சர்க்கரை என்பது அங்கே சீனி. நோயைச் சொல்ல நீரிழிவு, சலரோகம் என்பார்கள். பின்னால் நின்றுகொண்டு சிரிப்பை அடக்கினேன். ஆனால் டாக்டர் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கவில்லை என்பது சிரிப்பதற்கான விஷயம் இல்லை.

ஆகவே கேட்கும்போதே "ஸ்ரீலங்கன் டமில்" அல்லது "இந்தியன் டமில்" என்று சொல்லுங்கள். "எங்கள் பட்டியலில் தமிழ் ஒன்றுதான் இருக்கிறது" என்றால் குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். அப்படியும் மாறி வந்துவிட்டால் மருத்துவம் தொடங்குமுன் ஒரு நிமிஷம் ஊர்க்கதை பேசவிடுங்கள். அந்த ஒரு நிமிஷத்திலேயே இரண்டு பேரும் ஒருவர் பேச்சுக்கு மற்றவர் இறங்கி வந்துவிடுவார்கள்.

பெண் நோயாளி என்றால் பெண் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். மூன்றாவது தடவை ஒரு யாழ்ப்பாணத்து அம்மா போனில் வந்தார். டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொன்னார். சலம் (சிறுநீர்) போகும்போது எரிவதும் ராத்திரியில் குளிர்க்காய்ச்சல் வருவதும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. மகனுக்கும் மருமகளுக்கும் முன்னால் அதைச் சொல்ல மாமிக்கு வெட்கம். நாரி நோவுக்குக் காரணம் சிறுநீரகத் தொற்று. ஆன்டிபயாடிக்கில் சரியானது.

படி 4: பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது

ஜிபியின் ரெக்கார்டில் இருப்பது ஆஸ்பத்திரிக்குத் தானாகப் போய்விடும் என்று நம்பினேன். மாமியின் கண் புரைக்கு எழுதிய ரெஃபரல் கடிதத்தில் இன்டர்பிரட்டர் தேவை என்று இருந்தது, நானே பார்த்தேன். போன அன்றைக்கு யாரும் இல்லை. புக் பண்ணவில்லையாம். நான் சொல்கிறேன் என்றதற்கு, சம்மதப் படிவம் இருப்பதால் முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தேதி ஆறு வாரம் கழித்து. (கோபம் வந்தது. ஆனால் டாக்டர் செய்ததுதான் சரி.)

அப்பாயின்ட்மென்ட் கடிதம் வந்த அன்றைக்கே அதிலிருக்கும் நம்பருக்குப் போன் பண்ணி, "இன்டர்பிரட்டர் புக் ஆகிவிட்டதா?" என்று கேளுங்கள். ஒரு வாரம் முன்னால் இன்னொரு தடவை. ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனை, ஆபரேஷன் நாள், பிறகு வரும் செக்கப், மூன்றும் தனித்தனி புக்கிங். ஒன்றுக்குச் சொன்னது மற்றதுக்குச் சேராது. பேசியவர் பெயர், தேதி, நேரம் குறித்து வையுங்கள். இதற்கு ஆப் ஏதும் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். எங்கள் வீட்டில் அது பிரிட்ஜ் மேலேயே கிடக்கிறது.

ஆபரேஷன் சம்மதப் படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துப் போட ஒரு பகுதி இருக்கும். நோயாளிக்குப் புரியும்படி சொன்னேன் என்று அவர் அங்கே ஒப்பமிட வேண்டும். அது வெறுமையாக இருந்தால் நீங்களே சுட்டிக்காட்டுங்கள்.

படி 5: அறைக்குள்ளே

டாக்டர் நோயாளியைப் பார்த்துப் பேச வேண்டும், மாமியும் டாக்டரைப் பார்த்தே பேச வேண்டும். நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். மூன்றிலும் கஷ்டமானது கடைசிதான். முடிவில் மாத்திரை விவரத்தை மாமியின் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு டப்பாவின்மேல் தடித்த மார்க்கரால் சூரியன், நிலா வரைந்துவிடுவேன்.

கூகுள் டிரான்ஸ்லேட் போதாதா என்பார்கள். பஸ் நேரம் கேட்க எடுங்கள், நோயைச் சொல்ல வேண்டாம். 2014-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றில், பத்து மருத்துவ வாக்கியங்களை 26 மொழிகளில் போட்டுப் பார்த்தார்கள். 57.7 சதவீதம்தான் சரியாக வந்தது. "உங்கள் குழந்தைக்கு வலிப்பு வந்திருக்கிறது" என்பது ஸ்வாஹிலியில் "உங்கள் குழந்தை இறந்துவிட்டது" என்று வந்தது. இன்றைக்கு அது எவ்வளவோ தேறியிருக்கிறது. ஆனாலும் மாமியின் "வருத்தம்" எந்த வருத்தம் என்று அதற்குத் தெரியும் என எனக்கு நம்பிக்கை இல்லை, எனக்கே தெரியவில்லையே.

பின்சேர்க்கை 1: மறுத்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஜிபி என்றால் பிராக்டிஸ் மேனேஜருக்கு எழுதுங்கள். ஆஸ்பத்திரி என்றால் "பால்ஸ்" என்ற உதவிப் பிரிவு இருக்கும், அங்கே போங்கள். இரண்டு இடத்திலும் வாய்ச்சண்டையைவிட ஈமெயில் வேலை செய்கிறது. ஒரு விஷயம்: "ஆக்சஸிபிள் இன்ஃபர்மேஷன் ஸ்டாண்டர்ட்" என்ற விதியைக் காட்டிச் சண்டை போடாதீர்கள். அது பார்வை, செவித்திறன் போன்றவற்றில் குறைபாடு உள்ளவர்களுக்கானது, வேற்றுமொழிக்கு இல்லை. நான் அதைக் காட்டித்தான் ஒரு தடவை மூக்குடைபட்டேன்.

பின்சேர்க்கை 2: ஒருவரின் அப்பாவுக்கு ஹிந்தி பேசுபவரை அனுப்பியிருக்கிறார்கள். ரெக்கார்டில் மொழி என்ற இடத்தில் "இந்தியன்" என்று எழுதியிருந்ததாம். படி 1-இல் திரையை வாசிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பின்சேர்க்கை 3: வீட்டில் பெரியவர் தனியாக இருக்கும்போது 111-க்கோ (மருத்துவ ஆலோசனை) 999-க்கோ (அவசர உதவி) கூப்பிட்டால்? அங்கேயும் மொழிபெயர்ப்பாளர் உண்டு. "டமில், ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு லைனை வைக்காமல் காத்திருக்கப் பழக்குங்கள். மாமி முதல் ஒத்திகையில் "தமிழ்" என்று அழகாக ழகரம் போட்டுச் சொன்னார். அது அவர்களுக்குப் புரியாது, "டமில்" என்றே பழக்குங்கள்.

பின்சேர்க்கை 4: கேட்டவர்களுக்காக, என் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து, இடப்பக்கம் மாமி, வலப்பக்கம் நான்: சத்தி – வாந்தி. தலையிடி – தலைவலி. குளிசை – மாத்திரை. தடிமன் – ஜலதோஷம். வயிற்றோட்டம் – பேதி. சத்தியை முதலில் "சக்தி" என்று எழுதி வைத்திருந்தேன், மாமிதான் கண்ணாடி போட்டுப் பார்த்து அடித்துத் திருத்தினார்.