ஃப்ரீசர் குளிரவில்லையா? கேஸ் போடச் சொல்வதற்கு முன் பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கி ஃப்ரீசரில் வைத்த ஆட்டிறைச்சி, செவ்வாய்க்கிழமை காலை விரலால் அழுத்தினால் குழிந்தது. விளக்கு எரிகிறது, கம்ப்ரசர் ஓடும் சத்தம் கேட்கிறது, குளிர் மட்டும் இல்லை. தொலைபேசியில் விசாரித்தபோது, பழுதுபார்ப்பவர் பெட்டியைப் பார்க்காமலேயே "கேஸ் போயிருக்கும்" என்றார். கேஸ், அதாவது பெட்டியைக் குளிரவைக்கும் வாயு, போகவில்லை. கெட்டுப்போனது கட்டைவிரல் அளவுள்ள ஒரு பாகம். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகக்கூடாது.

நான் சொல்வது ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகைப் பெட்டிக்கு, அதாவது உள்சுவரில் பனி படியாத வகைக்கு.

முதலில் சாப்பாட்டைக் காப்பாற்றுங்கள். இறைச்சியில் இன்னும் பனித் துகள் தெரிந்தால் மறுபடி உறையவைக்கலாம். முழுக்க இளகிச் சூடேறிவிட்டால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். எங்கள் மீனும் கறியும் பக்கத்து வீட்டு அக்காவின் ஃப்ரீசருக்குப் போயின.

வெளியிலிருந்து பார்க்க வேண்டியவை

பிளக், வெப்பநிலைத் திருகு, காற்று வரும் துளையை அடைத்துக்கொண்டு நிற்கும் பொட்டலங்கள். இவற்றை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அப்புறம் கதவு ரப்பர். ஒரு ரசீதுத் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் ஒட்டவில்லை. (நம் 2 வெள்ளி நோட்டு பாலிமர், வழுக்கும். தாள்தான் சரி.) இங்குள்ள ஈரக்காற்று சிறிய இடுக்கு வழியாக நுழைந்தாலும் உள்ளே பனியாகிவிடும். ரப்பரை வெதுவெதுப்பான சோப்பு நீரில் துடைத்தாலே பல நேரம் மறுபடி ஒட்டும்.

அடுத்து காதுக்கு வேலை. கம்ப்ரசர் சில விநாடி உறுமி, 'டக்' என்று நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி உறுமினால் அதை ஓடத் தொடங்கவைக்கும் ஸ்டார்ட் ரிலேயையோ கம்ப்ரசரையோ சந்தேகிக்கலாம். அதை ஆளிடம் விட்டுவிடுங்கள். கம்ப்ரசர் ஒழுங்காக ஓடினால், கதவைத் திறந்து கதவு ஸ்விட்சை விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஃப்ரீசர் விசிறி சுற்றும் ஓசை வரவேண்டும். வராவிட்டால் விசிறி கெட்டிருக்கலாம், அல்லது பனியில் சிக்கியிருக்கலாம்.

பின்பலகைக்குப் பின்னால்

பிளக்கைப் பிடுங்குங்கள். ஃப்ரீசரின் உள்ளே, பின்சுவரில் உள்ள பிளாஸ்டிக் பலகையைக் கழற்ற வேண்டும். திருகுகள் சின்ன மூடிகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். குளிரில் பிளாஸ்டிக் உடையும், அதனால் கதவைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். பலகைக்குப் பின்னால் வரிசை வரிசையாக வளைந்து போகும் குளிர்க்குழாயும் அதன் மெல்லிய தகடுகளும் இருக்கும். தகடுகளின் விளிம்பு கையைக் கிழிக்கும், கையுறை போடுங்கள்.

இனி கவனமாகப் பாருங்கள். கேஸா இல்லையா என்பது இங்கேதான் தெரியும்.

குழாய் முழுக்க வெள்ளைப் பனியில் புதைந்திருந்தால் கேஸ் இருக்கிறது, பனி உருக்கும் அமைப்புதான் வேலை செய்யவில்லை. எல்லா வரிசையிலும் மெல்லிய பனி சீராகப் படிந்திருந்தால் குழாய் நலம். விசிறியையும் காற்றுப் பாதையையும் பாருங்கள். முதல் ஓரிரு வரிசையில் மட்டும் பனி, மீதி வெறுமை என்றால் கேஸ் குறைந்திருக்கலாம். கம்ப்ரசர் ஓடியும் எங்கும் பனி இல்லையென்றாலும் அப்படித்தான், அல்லது கம்ப்ரசர் வலுவிழந்திருக்கும். இந்த நான்கில் கடைசி இரண்டுக்கு மட்டுமே ஆளைக் கூப்பிடுங்கள். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் அது மறுபடி போய்விடும்.

என்னுடையது முதல் வகை. பனி செங்கல் போல இருந்தது. கத்தியால் குத்தவே குத்தாதீர்கள், குழாய் ஓட்டையாகிவிடும். பெட்டியின் லேபிளில் ஆர்600ஏ என்று இருந்தால் உள்ளே இருப்பது தீப்பற்றும் வாயு. ஹேர் டிரையரும் எனக்குப் பிடிக்காது: பிளாஸ்டிக் நெளியும், சொட்டும் நீருக்குப் பக்கத்தில் மின்சாரம் வேறு. ஒரு கிண்ணம் வெந்நீரும், சற்றுத் தள்ளி வைத்த மேசை விசிறியும் போதும். எனக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. உருகி முடிந்ததும் அடியிலுள்ள வடிகால் துளையில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, அது கம்ப்ரசர் மேலுள்ள தட்டுக்கு இறங்குகிறதா என்று பாருங்கள்.

மறுநாள் காலை மைனஸ் 18 டிகிரி. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் மறுபடி இளகியது. பனியை உருக்குவது சிகிச்சை அல்ல. பனி ஏன் சேர்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

நான் தடுமாறிய இடம்

பிளக்கைப் பிடுங்கிய நிலையிலேயே, மின்பாதை அறுபடாமல் இருந்தால் பீப் ஒலி எழுப்பும் மல்டிமீட்டரை (மின்சாரம் அளக்கும் கருவி) எடுங்கள். விலை குறைந்ததே போதும், ஆனால் பீப் அவசியம். பனியை உருக்கக் குழாயின் அடியிலுள்ள ஹீட்டரின் இணைப்பைக் கழற்றி ஓம் (மின்தடை) அளவில் பாருங்கள். 230 வோல்ட்டில் 200 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 265 ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது.

என் ஹீட்டர் நன்றாக இருந்தது. அடுத்தது குழாயில் கவ்வியிருக்கும் டிஃப்ராஸ்ட் தெர்மோஸ்டாட், அதாவது குளிரைப் பார்த்து ஹீட்டருக்கு மின்சாரம் விடும் ஸ்விட்ச். சமையலறை மேசையில் வைத்துப் பார்த்தேன், பீப் இல்லை. புதியது வாங்கினேன், அதிலும் பீப் இல்லை. கடையில் மாற்றினேன், மூன்றாவதும் அப்படியே. இதிலேயே ஒரு வாரம் போனது.

விஷயம் இதுதான்: இந்தத் தெர்மோஸ்டாட் சூட்டில் திறந்திருக்கும், நன்றாகக் குளிர்ந்தால் மட்டுமே மூடும். நம் சமையலறையின் 30 டிகிரியில் நல்ல தெர்மோஸ்டாட்டும் பீப் அடிக்காது. வெறும் ஐஸ் தண்ணீரும் போதாது, பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இறங்காது. நொறுக்கிய ஐஸில் கைநிறைய உப்பைப் போட்டுக் கலக்குங்கள், மைனஸ் பத்துக்குக் கீழேயும் இறங்கும். தெர்மோஸ்டாட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒயர் முனை வெளியே இருக்க, 15 நிமிடம் அதில் வையுங்கள். புதியது 'டிக்' என்று மூடிப் பீப் அடித்தது. பழையது கடைசிவரை மௌனம். புதியதை மாட்டியபின் இதுவரை பனிக்கட்டி சேரவில்லை.

கம்ப்ரசரே போய்ப் புதுப் பெட்டி வாங்க நேர்ந்தால் ஒன்று: 2021 ஜூலை முதல், புதியதைக் கொண்டுவரும்போது பழையதைக் கட்டணமில்லாமல் எடுத்துச்செல்வது விற்பவரின் கடமை. கேட்டு வாங்குங்கள்.

பிறகு சேர்த்தது: படித்த இருவர், உப்பு ஐஸில் வைக்காமலேயே பீப் வருகிறதே என்று கேட்டார்கள். அது பெரும்பாலும் தெர்மோஸ்டாட் அல்ல, பக்கத்திலேயே இருக்கும் வெப்ப ஃபியூஸ். ஃபியூஸ் எப்போதும் பீப் அடிக்க வேண்டும், அடிக்காவிட்டால்தான் கெட்டது. புதிய மாடல்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் சென்சார் இருக்கும். அதில் பீப் தேடாதீர்கள். ஓம் அளவில் வைத்து உள்ளங்கையில் பொத்திப் பிடியுங்கள். எண் மெல்ல மாறினால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது.